ஒருமையில் பேசுதல்

கரும்பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கம் ஒருமை, வலப்பக்கம் பன்மை. இடப்பக்கம் ‘ஐ ஆம்’, ‘ஹீ இஸ்’, ‘ஷீ இஸ்’. வலப்பக்கம் ‘வீ ஆர்’, ‘தே ஆர்’. ‘ஆர்’ வந்தால் பலர் என்று சொல்லி முடித்த ஆசிரியர், திரும்பவும் இடப்பக்கம் வந்து ஒருமைக்குக் கீழே ‘யூ ஆர்’ என்று எழுதினார். நான் கையைத் தூக்கினேன்.

“சார், ஒரு ஆள்கிட்டத்தானே பேசுறோம், அப்புறம் ஏன் ஆர்?”

“இங்கிலீஷ்ல அப்படித்தான். மனப்பாடம் பண்ணிக்க.”

எனக்கு அப்போது 13 வயது. மலேசியாவில், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்கு வந்தவள். மற்ற பிள்ளைகள் நேரே முதல் படிவத்துக்குப் போக, மலாய் மொழியில் தேர்ச்சி போதாத எங்களுக்கு இடையில் ஒரு வருடம் புகுமுக வகுப்பு. தமிழ்ப்பள்ளியிலும் ஆங்கிலம் படித்தோம்தான், ஆனால் காரணம் கேட்கத் தோன்றியது அந்த வருடம்தான். கேட்டதற்குக் கிடைத்த பதில் அது. அடுத்த ஐந்து வருடம் நான் ஆங்கிலத்தை யாரோ ஒருவருடைய வீட்டில் வேலை செய்வதுபோலப் படித்தேன். எந்தச் சாமானை எங்கே வைக்கச் சொன்னார்களோ அங்கே வைத்தேன். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வந்தது. கேள்வி மட்டும் போகவில்லை.

ஆறாம் படிவத்துக்குப் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனுக்கு மாறினேன். புக்கிட் மெர்தாஜத்திலிருந்து பட்டர்வொர்த் வரை பஸ், அங்கிருந்து பெர்ரி, இறங்கி நடை. ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வுக்கு ஆங்கில இலக்கியத்தை ஒரு பாடமாக எடுத்தவர்கள் மொத்தமே 6 பேர். இரண்டு மலாய்ப் பிள்ளைகள், இரண்டு சீனப் பிள்ளைகள், நானும் இன்னொரு தமிழ்ப் பையனும். எங்களுக்கென்று வகுப்பறை கிடையாது. நூலகத்தின் பின்பக்கம் ஒரு நீள மேசை, தலைக்கு மேல் ஒரு காற்றாடி, அவ்வளவுதான்.

டீச்சர் யாழ்ப்பாண வம்சாவளி. எங்கள் பக்கத்தில் ‘சிலோன்காரங்க’ என்போம். பாடம் நடத்தும்போது ஆங்கிலம் மட்டும். பாடம் முடிந்து தமிழுக்கு வந்தால் எங்கள் இருவரையும் ‘நீர்’ என்பார். “நீர் சாப்பிட்டீரோ?” “கட்டுரையை எழுதி முடிச்சீரோ?” நான் தாமதமாக வரும் நாட்களில், கண்ணாடிக்கு மேலே பார்த்துக்கொண்டு, “பெர்ரியிலயோ வந்தனீர்?” முதல் வாரம் எங்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாங்கள் ‘நீர்’ கேட்டிருந்தது இரண்டே இடத்தில்தான்: பழைய படத்தில் ராஜா பேசும்போது, அப்புறம் புக்கிட் மெர்தாஜம் செயின்ட் ஆன்ஸ் திருவிழாவில் ஒலிபெருக்கி வழியே வரும் செபத்தில். பிறகு பழகிப்போனது. அவர்கள் வீட்டுப் பேச்சில் ‘நீ’க்கும் ‘நீங்கள்’க்கும் நடுவே அது ஒரு சாதாரணப் படி. கைக்குள் இருக்கும் குழந்தையும் இல்லை, எட்டி நின்று கும்பிட வேண்டிய பெரியவரும் இல்லை, வளர்ந்த பிள்ளை என்று மதித்துப் பேசும் சொல். எங்கள் காதில் செபமாகக் கேட்டது அவர்கள் அடுப்படியில் புழங்கும் பேச்சு.

முதல் நாளே டீச்சர் ஒன்று சொல்லிவிட்டார். இலக்கியத்துக்கு ஒரு நோட்டு, இலக்கணத்துக்கு ஒரு நோட்டு என்று பிரிக்கக் கூடாது. ஒரே நோட்டு. அதிலேயே மத வரலாறும் வரும். மலாய்ப் பையன் ஒருவன், அது பாடத்திட்டத்தில் இல்லையே என்றான். “நான் உங்கள் யாருக்கும் மதம் சொல்லித்தரவில்லை. இந்த மொழியில் ஒவ்வொரு சொல்லுக்காகவும் ஆட்களை எரித்திருக்கிறார்கள். எரித்தவர் யார், எரிந்தவர் யார் என்று தெரியாமல் அந்தச் சொல்லை எப்படிப் படிப்பீர்கள்?” என்றார் ஆங்கிலத்தில். அன்று நோட்டின் முதல் பக்கத்தில் நாங்கள் எழுதிய பெயர் வில்லியம் டின்டேல். ராஜாவும் சபையும் அனுமதி தராத காலத்தில் புதிய ஏற்பாட்டை கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து, 1526இல் ஜெர்மனியில் அச்சடித்து, துணி மூட்டைகளுக்குள் ஒளித்து இங்கிலாந்துக்குள் அனுப்பியவர். 1536இல் பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் அவரைக் கழுத்தை நெரித்துக் கொன்று உடலை எரித்தார்கள். 1611இல் அரசர் ஜேம்ஸ் பெயரில் வந்த வேதாகமத்தின் புதிய ஏற்பாட்டில் பெரும்பகுதி அந்த மனிதருடைய வாக்கியங்கள்தான்.

நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா புரட்டிப் பார்த்துவிட்டுக் கலங்கிப்போனார். “இங்கிலீஷ் படிக்கத்தானே அனுப்பினோம், இது என்ன ஏசு, பைபிள்னு எழுதியிருக்கு?” மதம் மாற்றிவிடுவார்களோ என்ற பயம். அதில் தவறு சொல்ல நான் இன்றும் தயாரில்லை, அந்தப் பயத்துக்குத் தோட்டத்தில் அப்போது காரணங்கள் இருந்தன. அப்பத்தாதான் முடித்துவைத்தார். “படிக்கட்டும் விடு. வருசா வருசம் செயின்ட் ஆன்ஸுக்குப் போயி நாமளும் மெழுகுவத்தி ஏத்திட்டுத்தானே வாறோம்.”

சில வாரம் கழித்து ஒரு நாள் டீச்சர் பலகையில் இரண்டு வரி எழுதினார். லூக்கா எழுதிய நற்செய்தி, 22ஆம் அதிகாரம். கடைசி இரவு உணவுக்குப் பின் இயேசு சீமோனிடம் பேசுகிறார். இன்றைய எளிய ஆங்கில மொழிபெயர்ப்பு அது. கோதுமையைப் புடைப்பதுபோல யூவைப் புடைக்கச் சாத்தான் அனுமதி கேட்டான், நான் யூவுக்காக வேண்டிக்கொண்டேன். “சாத்தான் யாரைக் கேட்டான்? இயேசு யாருக்காக வேண்டினார்?” இரண்டுக்கும் 6 பேரும் ஒரே பதில்: சீமோன். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. 1611ஆம் ஆண்டுப் பிரதியை அதன் கீழே எழுதினார். முதல் வரியில் ‘யூ’, இரண்டாம் வரியில் ‘தீ’. பழைய மாதிரி எழுதியிருக்கிறார்கள் என்று மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. அப்போது அவர் தன் பையிலிருந்து தமிழ் வேதாகமத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். “நீர் வாசியும்.”

“சீமோனே, சீமோனே, இதோ, கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோலச் சாத்தான் உங்களைப் புடைக்கிறதற்கு உத்தரவு கேட்டுக்கொண்டான். நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்.”

வாசித்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டேன். உங்களை. உனக்காக. சாத்தான் கேட்டது எல்லாச் சீடர்களையும். வேண்டிக்கொண்டது இந்த ஒருவனுக்காக. ஆங்கிலத்தின் ‘யூ’ அந்த இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கிவிட்டது. ‘தீ’ என்பது பழங்கால அலங்காரம் இல்லை, ‘உன்னை’, ‘உனக்கு’ என்பதுதான் அது. இது மற்ற நால்வருக்கும் புரிய டீச்சர் அரை மணி நேரம் பேசினார். எனக்கும் பக்கத்திலிருந்த பையனுக்கும் ஒரு நொடி போதுமானதாக இருந்தது. ஆங்கில வகுப்பில் தமிழ் தெரிந்ததால் முன்னால் போன முதல் நாள் அது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தது பின்தங்கல் என்று அதுவரை எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருப்பார்கள்.

அந்த வரியில் இன்னொன்று இருந்தது. சுளகு. பாடப்புத்தகத்தில் ‘முறம்’ என்றுதான் வரும். அப்பத்தா வாயில் சுளகுதான், டீச்சர் வீட்டிலும் சுளகுதானாம். மலாய்ப் பெண் என்னவென்று கேட்டாள், கையால் ஆட்டிக் காட்டினேன், “ஓ, ஞிரு” என்றாள். அன்று மாலை வீட்டுக்குப் போனதும் அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சுளகில் அரிசியை அள்ளிப்போட்டு, இரண்டு கையாலும் பிடித்து மேலே எறிந்து வாங்குகிறார். ஒவ்வொரு எறிதலிலும் உமி காற்றோடு முன்பக்கம் போகிறது, மணி ‘சொத்’தென்று அடிப்பக்கம் விழுகிறது. இது புடைத்தல். அப்புறம் எறியாமல் பக்கவாட்டில் ஆட்டினால் கல் ஒரு ஓரம், நொய் ஒரு ஓரம். அது கொழித்தல். அரிசிக்கு இதில் அடியும் உண்டு, தப்பித்தலும் உண்டு. ஆளைப் போட்டுப் ‘புடைத்தான்’ என்று நாம் சொல்வது ஏன் என்று அப்போதுதான் தெரிந்தது. மொழிபெயர்த்தவர்கள் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்தச் சொல்லை எடுத்தார்களோ தெரியாது, சரியாக எடுத்திருக்கிறார்கள்.

அதற்குப் பின் எங்கள் நோட்டில் ‘தௌ’, அதாவது ‘நீ’, என்ற சொல்லுக்கு மட்டும் பத்துப் பக்கம் ஆனது. கதை நீளம். பழைய ஆங்கிலத்தில் ஒருவரென்றால் ‘தௌ’, பலரென்றால் ‘யீ’; ‘உங்களை’ என்ற இடத்தில் அதுவே ‘யூ’. நார்மானியர்கள் வந்த பின் பிரெஞ்சுக்காரர்களின் வழக்கத்தைப் பார்த்து, பெரிய மனிதர் ஒருவரையும் பன்மையில் கூப்பிடும் பழக்கம் ஏறியது. ‘யூ’ மரியாதையானது. ‘தௌ’ கீழே இறங்கியது: வேலைக்காரனுக்கு, குழந்தைக்கு, காதலிக்கு, கடவுளுக்கு. டீச்சர் இதைச் சொன்னபோது தமிழ்ப் பையன் முணுமுணுத்தான்: “ஒருமையில் பேசுறது.” அவன் தமிழில்தான் சொன்னான். டீச்சர் திரும்பி, “திருப்பிச் சொல்லும்” என்றார். அதைப் பலகையில் தமிழிலேயே எழுதிவைத்தார்.

யோசித்துப் பாருங்கள். ‘கூட்டத்தில் தலைவரை ஒருமையில் பேசியதால் கைகலப்பு’ என்று நம் பத்திரிகைகளில் செய்தி வரும். ஆங்கிலத்தில் இன்று அந்தச் செய்தியை எழுதவே முடியாது, கோபப்பட அங்கே சொல்லே இல்லை. ஆனால் 1603இல் இருந்தது. சர் வால்டர் ராலேயின் ராஜதுரோக வழக்கில், அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக் அவரைப் பார்த்து ‘ஐ தௌ தீ, தௌ டிரெய்டர்’ என்று கத்தினார். ‘தௌ’வையே வினைச்சொல்லாக்கி, உன்னை நீ என்றுதான் சொல்லுவேன், துரோகி என்கிறார். கடலோடி, கவிஞர், ராணியின் அன்பைப் பெற்றிருந்தவர், நீதிமன்றத்தில் நின்று அதைக் கேட்கிறார். எனக்கு அடிவயிறு கலங்கியது. பாடத்தில் இல்லாத ஒரு ஷேக்ஸ்பியர் நாடகத்திலிருந்தும் டீச்சர் ஒரு காட்சி கொண்டுவந்தார். ‘டுவெல்ஃப்த் நைட்’டில் சர் டோபி தன் கூட்டாளிக்குச் சண்டைக்கு அழைக்கும் கடிதம் எழுத யோசனை சொல்கிறார்: அவனை மூன்று தடவை ‘தௌ’ போட்டு எழுது, தப்பில்லை. உரையாசிரியர் குறிப்பு ஏதும் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

மற்றவர்களும் தங்கள் வீட்டுச் சொற்களைக் கொண்டுவந்தார்கள். மலாயில் ஆளுக்கேற்ப ‘அவாக்’, ‘கமு’, ‘எங்காவ்’. ஆசிரியரிடம் ‘எங்காவ்’ என்றால் அடி விழும், ஆனால் துஆவில் இறைவனை அழைப்பது அதே ‘எங்காவ்’தான் என்று மலாய்ப் பெண் சொன்னாள். சீனப் பையன் பலகையில் இரண்டு எழுத்து எழுதினான். மாண்டரினில் சாதாரணமாக ‘நீ’, மரியாதையாக ‘நின்’. நானும் தமிழ்ப் பையனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சங்கப் பாட்டில் ‘நின்’ என்றால் ‘உன்’. இரண்டு மொழிக்கும் உறவில்லை, தற்செயல்தான் என்று டீச்சர் சொன்னார். இருந்தாலும் அன்றைக்கு முழுக்க அவன் எங்களை ‘நின்’ என்றே கூப்பிட்டான்.

மத வரலாறு இங்கேயும் குறுக்கே வந்தது. 1650களில் இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவக் குழுவினர், கடவுள் முன் எல்லாரும் சமம் என்றால் எல்லாருக்கும் ‘தௌ’தான் என்று முடிவெடுத்தார்கள். நீதிபதிக்கும் ‘தௌ’, பிரபுவுக்கும் ‘தௌ’, தொப்பியைக் கழற்றவும் மாட்டோம். அடி வாங்கினார்கள், சிறைக்குப் போனார்கள். ஒரு பிரதிப்பெயருக்காகச் சிறை. இதைப் படிக்கும்போது எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தார். ரப்பர் தோட்டத்தில் பாலுக்காக மரம் வெட்டியவர். தன் மகன் வயதுள்ள கிராணியிடம், அதாவது தோட்டத்துக் கணக்கரிடம், ‘டேய்’ வாங்கியே காலம் கழித்தவர். சாகும்வரை அவர் மனத்தில் இருந்த ஒரு நல்ல நாள், பட்டணத்தில் ஒரு துணிக்கடைக்காரர் அவரை “வாங்க, உட்காருங்க” என்று சொன்ன நாள். பெரியார் 1929இன் இறுதியில் பினாங்கில்தான் வந்து இறங்கினார். சின்னப் பிள்ளைகளைக்கூட ‘வாங்க’ என்று அழைப்பவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். குவேக்கர்கள் எல்லாரையும் ‘நீ’க்கு இறக்கிச் சமமாக்கப் பார்த்தார்கள், நம் ஆட்கள் எல்லாரையும் ‘நீங்க’வுக்கு ஏற்றிச் சமமாக்கப் பார்த்தார்கள். இதில் எது சரி என்று என்னைக் கேட்டால், தாத்தாவுக்கு வேண்டியிருந்தது ‘வாங்க’தான். ஆங்கிலமும் கடைசியில் அந்த வழியில்தான் போனது. எல்லாரும் ‘யூ’ ஆனார்கள், ‘தௌ’ ஓய்ந்தது.

என் பழைய கேள்விக்கு வருகிறேன். ‘யூ’ மரியாதைப் பன்மை. பன்மை என்பதால் அதன் வினையும் பன்மை, ‘ஆர்’. ‘நீங்கள் வந்தீர்கள்’ என்று ஒரே ஆளிடம் நாம் சொல்வதில் ‘கள்’ எதற்கு வருகிறதோ, அதற்குத்தான் ‘யூ’வோடு ‘ஆர்’ வருகிறது. இவ்வளவுதான் பதில். தமிழ் தெரிந்த 13 வயதுப் பிள்ளைக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம்.

ஆங்கிலேயர்களுக்கே இதில் தடுமாற்றம் இருந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் படித்தவர்களும் ஒருவரைக் குறிக்கும்போது ‘யூ வாஸ்’ என்று எழுதினார்கள். ஆள் ஒருவர், எனவே ‘வாஸ்’. நியாயமான தடுமாற்றம். அதைப் பெரும் பிழை என்று கண்டித்தவர்களில் ஒருவர் ராபர்ட் லவுத். 1762இல் ஆங்கில இலக்கணம் எழுதினார். பிற்பாடு லண்டன் பிஷப் ஆனார். இதோடு அவர் கதை முடிந்திருந்தால் பிழை திருத்தும் பெரியவர் என்று நினைத்துக் கடந்திருப்பேன். ஆனால் அதற்கு முன்பே அவர் ஆக்ஸ்ஃபோர்டில் கவிதைப் பேராசிரியராக இருந்து, எபிரேய வேதக் கவிதைகளைப் பற்றி உரையாற்றி, 1753இல் நூலாக்கியவர். சங்கீதங்களில் ஒரு வரி சொன்னதையே அடுத்த வரி வேறு சொல்லில் சொல்லும். ‘வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது, ஆகாயவிரிவு அவருடைய கரங்களின் கிரியையை அறிவிக்கிறது.’ இந்த இணையமைப்புதான் அந்தக் கவிதையின் எலும்பு என்று காட்டியவர் அவர். ‘தீதும் நன்றும் பிறர்தர வாரா, நோதலும் தணிதலும் அவற்றோ ரன்ன’ என்று நாங்கள் இருவரும் உடனே டீச்சரிடம் சொல்லிக் காட்டினோம். இலக்கியம், மதம், இலக்கணம் மூன்றும் ஒரே ஆளின் மேசையில் இருந்திருக்கின்றன. எங்களுக்கு ஏன் ஒரே நோட்டு என்பதற்கு டீச்சர் காரணம் சொன்னதே இல்லை. லவுத்தைப் படித்த பின் கேட்கவும் தோன்றவில்லை.

நம் பக்கமும் அப்படித்தானே. வீரசோழியம் எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சமணர். தொன்னூல் விளக்கம் எழுதிய வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்த சேசு சபைப் பாதிரியார். இறையனார் அகப்பொருளைச் சிவபெருமானே செய்தார் என்பது மரபு. தமிழ் இலக்கணத்தைச் சாமியார்களிடமிருந்து பிரித்தால் கையில் அதிகம் மிஞ்சாது.

தொல்காப்பியத்தில் அந்த இடத்தைப் பின்னாளில், டீச்சர் சொல்லித்தராமலே, நானாகத்தான் கண்டேன்.

“ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவியும்
ஒன்றனைக் கூறும் பன்மைக் கிளவியும்
வழக்கி னாகிய உயர்சொற் கிளவி
இலக்கண மருங்கிற் சொல்லா றல்ல.”

ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்வுச் சொல், கறாரான இலக்கண நெறியில் வருவதில்லை என்கிறார். மனிதர்கள் மரியாதைக்காக இப்படிப் பேசுகிறார்கள், அது தெரியும், ஆனால் கணக்கு வேறு என்று இரண்டையும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார். “மனப்பாடம் பண்ணிக்க” என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகும் தமிழ் சும்மா இருக்கவில்லை. ‘நீயிர்’, ‘நீர்’ என்பது பழைய பன்மை. அது ஒருவருக்கான மரியாதைச் சொல்லாக மாறியதும் பன்மைக்கு ‘கள்’ சேர்த்து ‘நீங்கள்’ வந்தது. அப்புறம் ‘நீங்கள்’ளும் மரியாதைக்கு ஏறிவிட்டது. ஆங்கிலம் கீழ்மாடியை இடித்துவிட்டது, தமிழ் மேலே மேலே கட்டிக்கொண்டே போனது. இடித்த குறை தெரிவதால்தான் நம் ஊரில் “யூ ஆல் சாப்பிட்டாச்சா?” என்று ஆங்கிலத்துக்கு நாமே ஒரு பன்மை செய்து கொடுத்திருக்கிறோம். அதைத் தப்பான ஆங்கிலம் என்று யாராவது திருத்தினால் எனக்கு இப்போதும் சண்டை போடத் தோன்றும்.

ஒரு சனிக்கிழமை டீச்சர் எங்களை ஃபார்குவார் சாலையில் உள்ள செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்துக்கு அழைத்துப்போனார். 1818இல் கட்டி முடித்தது. கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்த கைதிகளின் உழைப்பில் எழுந்த வெள்ளைத் தூண்கள். அங்கே போதகராக இருந்த ராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ்தான் 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலைத் தொடங்கியவர். மலாய் வேதாகமத்தைத் திருத்தும் பணியும் செய்தவர். அங்கிருந்து நடந்தே சுல்தான் அஹ்மட் ஷா சாலையில் உள்ள பழைய புரோட்டஸ்டன்ட் கல்லறைக்குப் போனோம். கெம்போஜா மரங்களின் நிழல், காலடியில் பூக்கள். பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கி 1794இல் இறந்த பிரான்சிஸ் லைட் அங்கே இருக்கிறார், ஹட்சிங்ஸும் இருக்கிறார். டீச்சர் யாருடைய சரித்திரத்தையும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. கல்வெட்டுகளில் உள்ள வினைச்சொற்களை எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

பாசி படிந்த ஒரு கல்லில் ‘தை வில் பி டன்’ என்று இருந்தது. சீனப் பெண் அதைத் தப்பு என்றாள். ‘இஸ் டன்’ என்றுதானே வரவேண்டும்? எங்களுக்கு வகுப்பில் அப்படித்தான் திருத்துவார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார். கர்த்தர் கற்பித்த செபத்தில் அந்த வரி தமிழில், ‘உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக.’ செய்யப்படுகிறது இல்லை, செய்யப்படுவதாக. வியங்கோள் வினைமுற்று. வாழ்க, வருக, ஒழிக, எல்லாம் தமிழ்ப்பள்ளியில் மூச்சுவிடாமல் ஒப்பித்ததுதான். அந்த ‘பி’ நடந்ததைச் சொல்லவில்லை, நடக்கட்டும் என்கிறது. ‘காட் சேவ் தி கிங்’ என்பதில் ‘சேவ்ஸ்’ வராமல் போவதும் அதனால்தான். ஆங்கில இலக்கணப் புத்தகங்களில் இதற்குக் கடைசி அத்தியாயத்தில் ஒரு மூலை கொடுத்திருப்பார்கள். நமக்கு அது திருமண வீட்டு வாசலிலேயே எழுதியிருக்கிறது.

ஆனால் அந்தக் கல்லில் என்னைத் தொந்தரவு செய்தது ‘பி’ அல்ல, ‘தை’. ஆங்கிலத்தில் கடவுளுக்கு ‘தை’, அதாவது ‘உன்’. தமிழ் வேதாகமத்தில் அதே கடவுளுக்கு ‘உம்முடைய’. ஆங்கிலேயர் ‘நீ’ என்று கூப்பிட்டவரைத் தமிழ்க் கிறிஸ்தவர் ‘நீர்’ என்று கூப்பிடுகிறார். இன்றைய ஆங்கிலேயர்களைக் கேட்டால் ‘தௌ’ கம்பீரமான, எட்டாத உயரத்துச் சொல் என்பார்கள். தெருவில் செத்து, கோயிலில் மட்டும் பிழைத்துக் கிடப்பதால் அப்படித் தோன்றுகிறது. உண்மையில் அது மடியில் உட்கார்ந்து பேசும் சொல். டீச்சருடைய ‘நீர்’ எங்களுக்கு ராஜா பேச்சாகக் கேட்டதே, அதே கதை திருப்பிப்போட்டு.

எங்கள் வீட்டில் சாமிக்கு ‘நீ’தான். சுந்தரர் ‘பித்தா’ என்று தொடங்கி ‘உனக்கு ஆளாய்’ என்கிறார். அப்பத்தா இன்னும் ஒரு படி கீழே. தோட்டத்து மாரியம்மன் முன்னால் நின்று, “கண்ணு அவிஞ்சு போச்சாடி உனக்கு, ஆத்தா?” என்று கேட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். சித்தப்பா விபத்தில் மாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அது. மரியாதைக் குறைவு என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை உரிமையோடு அவர் வேறு யாரையும் பேசியதில்லை, தாத்தாவைக்கூட.

டீச்சர் அந்த வருட முடிவில் எனக்கு ஒரு புத்தகம் இரவல் தந்தார். ஜி. யு. போப் ஆங்கிலத்தில் பெயர்த்த திருவாசகம், 1900இல் வந்தது. போப் ஒரு கிறிஸ்தவப் போதகர். 1839இல் தமிழ்நாட்டுக்கு வந்து, திருக்குறளை 1886இல் பெயர்த்து, எண்பதாவது வயதில் இதை முடித்தவர். மாணிக்கவாசகரின் ஒரு இடம் எனக்கு மனப்பாடம்:

“தந்ததுன் தன்னைக் கொண்டதென் றன்னைச்
சங்கரா ஆர்கொலோ சதுரர்.”

உன்னைத் தந்தாய், என்னைக் கொண்டாய், நம்மில் கெட்டிக்காரர் யார் என்று சிவனிடமே கேட்கிறார். இதை ‘யூ’ போட்டுப் பெயர்த்தால் கடை வியாபாரம் மாதிரி இருக்கும். போப் ‘தீ’ போட்டிருந்தார். டின்டேல் வைத்த அதே சொல், அந்த ஊர்த் தேவாலயங்களில் தலைமுறை தலைமுறையாக வாயில் புரண்ட சொல், தில்லைச் சிவனுக்கு வந்து சேர்ந்திருந்தது. பெர்ரியின் மேல்தளத்தில் நின்று படித்தேன். காற்றில் தாள் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப, இக்கரை வரும்வரை. 13 வயதில் வேலைக்காரி மாதிரி நுழைந்த வீட்டில், நம் வீட்டுச் சாமி படம் மாட்டியிருப்பதைப் பார்த்த மாதிரி இருந்தது.

அப்பத்தா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. சுளகு என்னிடம் இருக்கிறது. நான் இப்போது மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் ஒவ்வொரு ‘யூ’விலும் நின்று, இது ஒருவரா, பலரா, நெருக்கமா, தூரமா என்று கேட்காமல் அடுத்த வரிக்குப் போக முடிவதில்லை. மருந்துச் சீட்டாக இருந்தாலும் அப்படித்தான்.

டீச்சருக்கு எண்பது கடந்துவிட்டது. தீவிலேயே ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஞாபகம் வருவதும் போவதுமாக இருக்கிறது என்று அங்கே சொன்னார்கள். போன மாதம் அப்பம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். என் பெயரைச் சொன்னேன், தலையாட்டினார், ஆனால் கண் எங்கேயோ இருந்தது. அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தேன், மெதுவாகச் சாப்பிட்டார். விரலைத் துடைத்துவிட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தை நன்றாகப் பார்த்தார்.

“பெர்ரியிலயோ வந்தனீ?” என்றார்.

நான் பாலத்து வழியே காரில் போயிருந்தேன்.

“ஆமா டீச்சர்” என்றேன். “கொஞ்சம் லேட்டாயிடுச்சு.”